காட்டுத்தீப் புகை வடிதாளில் ஏன் பழுப்பாகப் படிகிறது?

நுண்துகள்:
டீசல் புகை படிந்த வடிதாள் மை பூசியதுபோலக் கறுப்பாக இருக்கிறது, காட்டுத்தீப் புகை படிந்ததோ தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பு. கரிதான் வெயிலை உறிஞ்சும், மற்ற கரிமத் துகள்கள் ஒளியைச் சிதறடித்துக் குளிர்விக்கும் என்றே படித்திருக்கிறேன். அப்படியானால் இந்தப் பழுப்பு எதில் சேர்த்தி?

கனல்:
இதுவும் உறிஞ்சுவதுதான், பெயரே பழுப்புக் கார்பன். தாள் பழுப்பாகத் தெரிவதற்குக் காரணமே அது நீலத்தை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிடுவதுதான். கரி எல்லா நிறத்தையும் உறிஞ்சும், இதுவோ புற ஊதாப் பக்கம் போகப் போக மளமளவென்று கூடும். தீ கொழுந்துவிட்டு எரியும்போது கரி அதிகம். ஈரக்கட்டையும் சருகும் கனன்று புகையும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் முழுதாக எரியாமல் உடைந்து, ஃபீனால் வகைச் சேர்மங்களாக ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து துகளில் ஒட்டிக்கொள்கிறது, நிறத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. அதனால் 880 நானோமீட்டர் அலைநீளத்தில் (அகச்சிவப்புப் பக்கம்) மட்டும் அளந்தால் கரிதான் கணக்கில் வரும், பழுப்பு அநேகமாகத் தப்பிவிடும். புற ஊதாப் பக்கமுள்ள 370-லும் அளந்து ஒப்பிடுங்கள்.

உருண்டை:
கனல் சொன்னதோடு ஒன்று. எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். கரி, மணிகள் கோத்த சங்கிலி மாதிரி இருக்கும். அதனிடையே தனித்தனியாக, வழவழப்பான உருண்டைகள் தென்படலாம், பெரும்பாலும் 30 முதல் 500 நானோமீட்டர் வரை. தார் உருண்டைகள் என்பார்கள், கனன்று புகையும் தீயில் நிறைய உண்டு. இவை எவ்வளவு உறிஞ்சும் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பெரிய வித்தியாசம், ஒரே எண்ணை எடுத்து எல்லாப் புகைக்கும் போட்டுவிடாதீர்கள். அப்புறம், தாளை வெறும் தண்ணீரில் ஊறவைத்து நிறத்தை அளக்காதீர்கள். பழுப்பில் நல்ல பங்கு தண்ணீரில் கரையாது, மெத்தனாலில்தான் கூடுதலாக இறங்கும்.

மாலைவெயில்:
புகை எத்தனை மணி நேரம் மிதந்து வந்தது என்று குறித்திருக்கிறீர்களா? எனக்கு அதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் இந்த நிறம் வெயிலில் வெளுக்கும். 2013-ல் கலிபோர்னியாவின் ரிம் காட்டுத்தீப் புகையை விமானத்தில் பின்தொடர்ந்து அளந்தபோது பழுப்பின் உறிஞ்சுதல் பாதியாகக் குறைய 9 முதல் 15 மணி நேரமே ஆனது, ஆனால் 50 மணி நேரம் கழித்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரவில் நடப்பது நேர்மாறு. நைட்ரேட் தனியுறுப்புகள் (எளிதில் வினைபுரியும் NO₃) அந்த ஃபீனால்களோடு வினைபுரிந்து நைட்ரோஃபீனால்களை உண்டாக்கும், அவை நல்ல மஞ்சள், நிறம் ஏறும். பகலில் எடுத்ததையும் இரவில் எடுத்ததையும் கலந்து சராசரி போட்டால் இரண்டும் மறைந்துபோகும்.

நுண்துகள்:
சரி, புரிந்தது. தேதி மட்டும்தான் எழுதியிருக்கிறேன், மணி இல்லை. கருவியின் பதிவில் நேரம் இருக்கும், அதை வைத்துப் பகல், இரவு என்று பிரித்துவிட்டு 370, 880 இரண்டிலும் அளக்கிறேன். தாள்கள் இதுவரை இருட்டில், குளிர்பெட்டியில்தான் இருக்கின்றன.