விண்டோஸ் 11-க்கு ஏற்ற முடியவில்லை: சிஎஸ்எம் ஓஃப் செய்தால் பூட் ஆகாது, ஜிபிடி மாற்றமும் ஃபெயில்

வெள்ளவத்தை அச்சகம்

கடை மெஷின் ஒன்றை விண்டோஸ் 11-க்கு ஏற்ற வேண்டும். ஐ5-8400, கிகாபைட் எச்310எம் போர்ட், 8 ஜிபி ரேம், ஜிடி 210 வீடியோ கார்ட். சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி-யில். டி, இ இரண்டும் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்கில். எஸ்எஸ்டி பிறகு போட்டது. இப்போது ஓடுவது விண்டோஸ் 10, 22எச்2, 64 பிட்.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்கும் பிசி ஹெல்த் செக், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் காவல்) இல்லை என்கிறது. பயோஸில் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் எழுப்பும் வசதி) ஓஃப் செய்தால் "பூட் டிவைஸைத் தெரிவு செய்" என்று கறுப்புத் திரை. திரும்ப ஓன் செய்தால் வழமைபோல் ஓடுது. டிஸ்கின் பார்ட்டிஷன் டேபிளைப் பழைய எம்பிஆர் வகையிலிருந்து புதிய ஜிபிடி வகைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியில் வேலிடேட் (முன்சோதனை) செய்தால் "டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்ட்". டிஸ்க் 0 என்று கொடுத்தாலும் 1 என்று கொடுத்தாலும் அதே பதில்தான்.

பார்மட் செய்ய விருப்பமில்லை. பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்த ஃபைல்கள் நிறையக் கிடக்கு, ரெங்கநாதன் விசைப்பலகை மென்பொருளும் உண்டு. வழி இருக்கா?

கொட்டாஞ்சேனை ரெக்

சிப் பிரச்சினை இல்லை, 8ஆம் தலைமுறை மைக்ரோசொப்ட் ஏற்கும் பட்டியலில் இருக்கு. டிபிஎம்-க்குத் தனிச் சில்லு வாங்கவும் வேண்டாம். யாராவது விற்க வந்தால் வாங்காதீங்கோ. இன்டெலில் அது ஃபேர்ம்வேருக்குள்ளேயே உண்டு, பெயர் பிடிடி. கிகாபைட்டில் பெரிஃபெரல்ஸ் பக்கத்தில் "இன்டெல் பிளாட்ஃபோர்ம் ட்ரஸ்ட் டெக்னோலஜி" என்று கிடக்கும், புதிய பயோஸில் செட்டிங்ஸ், மிஸலேனியஸ் உள்ளே. எனேபிள் செய்து, விண்டோஸில் டிபிஎம்.எம்எஸ்சி-யை ஓட்டிப் பாருங்கோ. பதிப்பு 2.0 என்று வந்தால் அது முடிஞ்சுது.

வேலிடேட் ஃபெயில் ஆவதற்குப் பெரும்பாலும் லொஜிக்கல் டிரைவ்களை உள்ளே வைக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்தான் காரணம். லொஜிக்கல் டிரைவ் இருக்கும் டிஸ்கை இந்தக் கருவி தொடாது, பிரைமரியும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் கீழே என்ன எழுதியிருக்கு என்று அப்படியே போடுங்கோ.

வெள்ளவத்தை அச்சகம்

டிஸ்க் 0, 931 ஜிபி: 500 எம்பி சிஸ்டம் ரிசர்வ்ட், "சிஸ்டம், அக்டிவ், பிரைமரி". பிறகு டி, இ இரண்டும் "லொஜிக்கல் டிரைவ்".
டிஸ்க் 1, 223 ஜிபி: சி, "பூட், பேஜ் ஃபைல், கிராஷ் டம்ப், பிரைமரி". கடைசியில் சின்னதாக ஒரு ரெக்கவரி.

பயோஸ் பித்தன்

இதிலேயே விடை இருக்கு. எஸ்எஸ்டி போட்டவர் ஹார்ட் டிஸ்கின் வயரைக் கழற்றாமல் விண்டோஸ் ஏற்றியிருக்கிறார். விண்டோஸ் சி-யில் இருக்கு, அதை எழுப்பும் பூட் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்கின் 500 எம்பி-க்குள் போய்விட்டன. டிஸ்க் 0-ஐக் கேட்டால் லொஜிக்கல் டிரைவ் இருப்பதால் மறுக்குது. டிஸ்க் 1-ஐக் கேட்டால் அதில் அக்டிவ் பார்ட்டிஷனே இல்லை, அதனால் மறுக்குது. டி, இ-யை அழித்தாலும் இது தீராது. எஸ்எஸ்டி-யைத் தனியாக எழும்ப வைப்பதுதான் முதல் வேலை.

டேட்டாவை வெளி டிஸ்கில் கொப்பி எடுத்து வையுங்கோ. யூபிஎஸ் இல்லாத மெஷின் என்றால் ஒன்றை இரவல் வாங்கியாவது மாட்டுங்கோ, நடுவில் கரண்ட் போனால் பார்ட்டிஷன் டேபிள் பாதியில் நிற்கும். பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டும் குறியாக்கம்) ஓன் என்றால் சஸ்பெண்ட் செய்யுங்கோ. மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் தயார் செய்யுங்கோ. இறக்கம் 5 ஜிபி-க்கு மேல் வரும், இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் போடுவது லாபம்.

பிறகு, அட்மின் கமாண்ட் ப்ரொம்ப்ட்டில், எல்லாம் ஆங்கில எழுத்தில்:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயோஸ்

இது பூட் ஃபைல்களை சி-க்குள்ளேயே எழுதும். அடுத்து டிஸ்க்பார்ட்: செலக்ட் டிஸ்க் 1, லிஸ்ட் பார்ட்டிஷன், சி-யின் அளவுள்ள பார்ட்டிஷனைச் செலக்ட் செய்து "அக்டிவ்". எண்ணைக் கண்ணால் பார்த்து அடியுங்கோ, ரெக்கவரியை அக்டிவ் ஆக்கினால் எழும்பாது. கடைசியாக பென் டிரைவின் பூட் ஃபோல்டரில் உள்ள பூட்செக்ட்:

பூட்செக்ட் /என்டி60 சி: /எம்பிஆர்

சி-யை லொக் செய்ய முடியவில்லை என்று சொன்னால் பென் டிரைவில் எழுப்பி, ரிப்பெயருக்குள் உள்ள கமாண்ட் ப்ரொம்ப்ட்டில் இதே வரியைக் கொடுங்கோ. அங்கே சி-க்கு வேறு எழுத்து விழுந்திருக்கும். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வொல்யூம் பார்த்து, அந்த எழுத்தைப் போடுங்கோ.

இனி மெஷினை நிறுத்தி ஹார்ட் டிஸ்கின் சாட்டா வயரைக் கழற்றுங்கோ. சிஎஸ்எம் ஓனிலேயே இருக்கட்டும். எஸ்எஸ்டி மட்டும் எழும்பினால் சரி, எழும்பாவிட்டால் மேலே போகாதீங்கோ. வயரைத் திரும்ப மாட்டி, பயோஸ் பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்கை முதலில் வைத்தால் பழையபடி ஓடும்.

எழும்பியதும், இப்போது எஸ்எஸ்டி-தான் டிஸ்க் 0:

எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0 /அலவ்ஃபுல்ஓஎஸ்

பாஸ் என்றால் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வெர்ட். சி-யை இலேசாகச் சுருக்கி இஎஃப்ஐ பார்ட்டிஷனை (புதிய முறை பூட் ஃபைல்களுக்கான இடம்) தானே உண்டாக்கும். ஃபெயில் என்றால் விண்டோஸ் ஃபோல்டரில் செட்டப்எர்ர்.லொக் ஃபைலின் கடைசி வரிகளைப் போடுங்கோ.

கன்வெர்ட் முடிந்த பிறகு சிஎஸ்எம் ஓனில் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். அது பழுது இல்லை. பயோஸுக்குப் போய் சிஎஸ்எம்-ஐ ஓஃப் செய்து, பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதை மேலே வையுங்கோ.

கொட்டாஞ்சேனை ரெக்

பித்தன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஜிடி 210-ஐ முதலே கழற்றிவிடுங்கோ. அந்தக் கார்டுகளின் பயோஸ் யூஇஎஃப்ஐ-க்கு (பயோஸின் புதிய வடிவம்) முந்தியது. சிஎஸ்எம் ஓஃப் ஆனதும் திரையில் ஒன்றுமே வராமல் போகலாம், அல்லது போர்ட் தானாகவே சிஎஸ்எம்-ஐத் திரும்ப ஓன் செய்துவிடும். டைரக்ட்எக்ஸ் 12-உம் அதில் இல்லை, அதனால் விண்டோஸ் 11-க்கு எப்படியும் ஆகாது. ஐ5-8400-இன் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு. மொனிட்டர் வயரைப் போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐ-யில் குத்துங்கோ. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் புதிய கார்ட் எடுக்க வேண்டிய தேவை இல்லை.

வெள்ளவத்தை அச்சகம்

வேலிடேட் பாஸ், கன்வெர்ட்டும் முடிஞ்சுது. கார்டைக் கழற்றி எச்டிஎம்ஐ-யில் போட்டேன், யூஇஎஃப்ஐ-யில் எழும்புது. டிபிஎம் 2.0 காட்டுது. செக்யூர் பூட் மட்டும் பயோஸில் "எனேபிள்ட்", பக்கத்திலேயே "நொட் அக்டிவ்". கன்வெர்ட்டின் முடிவில் ரெக்கவரி பற்றியும் ஏதோ எச்சரிக்கை வந்தது.

பயோஸ் பித்தன்

சாவிகள் ஏறவில்லை. செக்யூர் பூட் மோடை கஸ்டம் ஆக்கி, திரும்ப ஸ்டாண்டர்ட் ஆக்குங்கோ. ஃபெக்டரி கீஸ் போடவா என்று கேட்கும், ஓம் கொடுத்து சேவ் செய்யுங்கோ. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 ஓட்டினால் பயோஸ் மோட் யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட் ஸ்டேட் ஓன் என்று வர வேண்டும்.

ரெக்கவரிக்கு ரீஏஜென்ட்சி /இன்ஃபோ. டிஸேபிள்ட் என்றால் ரீஏஜென்ட்சி /எனேபிள்.

மெஷினுக்குள் இருந்தே ஏற்றுவதானால் விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ-வை (நிறுவல் ஃபைல்கள் எல்லாம் அடங்கிய ஒரே ஃபைல்) மவுண்ட் செய்து செட்டப்பை ஓட்டுங்கோ. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் மொழி. இப்போதுள்ள விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலமா, இன்டர்நேஷனல் ஆங்கிலமா என்று பார்க்காமல் மற்றதை இறக்கினால் "ஃபைல்களும் அப்களும் இருக்கட்டும்" என்ற தெரிவு மங்கிக் கிடக்கும். டிஸ்ம் /ஒன்லைன் /கெட்-இன்ட்எல் கொடுத்தால் டிஃபோல்ட் சிஸ்டம் யூஐ மொழி எது என்று சொல்லும், அதையே இறக்குங்கோ. அந்தத் தெரிவு மங்கியிருந்தால் நெக்ஸ்ட் அழுத்தவே வேண்டாம்.

சி-யில் 30 ஜிபி-யாவது காலியாக வையுங்கோ.

நூலகத் தங்கச்சி

பாமினி பற்றி யாரும் சொல்லவில்லை. அப்படியே மேலே ஏற்றினால் எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருளும் தங்கும். ஆனாலும் பிரதி எடுத்து வையுங்கோ அண்ணா. விண்டோஸ் ஃபோல்டரின் ஃபொன்ட்ஸை மட்டும் எடுத்தால் போதாது. அட்மின் இல்லாமல் போட்ட எழுத்துருக்கள் யூசரின் அப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். பார்மட்டுக்குப் பிறகு "பாமினியைக் காணோம்" என்று தேடுவோர் பெரும்பாலும் தவறவிட்டது இதைத்தான்.

பாமினி அடிக்கும்போது கீபோர்ட் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். விண்டோஸில் தமிழ்99 அல்லது அஞ்சல் சேர்த்து அது ஓனில் இருந்தால் யூனிகோட் எழுத்து விழும், பாமினி கெட்டுப்போனதுபோல் தெரியும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி மாற்றலாம். பழைய வேர்ட் ஃபைல்களில் லதா எழுத்துரு மாறித் தெரிந்தால், ஒப்ஷனல் ஃபீச்சர்ஸில் "தமிழ் சப்ளிமெண்டல் ஃபொன்ட்ஸ்" சேர்த்தால் லதாவும் விஜயாவும் வரும்.

மருதானை 4ஜிபி

இடையில் ஒரு கேள்வி. பில் போடும் ஐ5-4570 ஒன்றும் கோர் 2 டுவோ ஈ7500 ஒன்றும் இருக்கு. இவற்றில் ஏறுமா?

பயோஸ் பித்தன்

ஈ7500-ஐ விட்டுவிடுங்கோ. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2, பொப்கவுண்ட் கட்டளைகள் இல்லாத சிப்பில் எழும்பவே எழும்பாது, எந்தக் குறுக்குவழியும் உதவாது. ஐ5-4570-இல் ரூஃபஸ் என்ற பென் டிரைவ் தயாரிக்கும் மென்பொருள் மூலம் சோதனைகளை நீக்கி ஏற்றலாம், ஓடும். ஆனால் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் கையால் ஏற்ற வேண்டி வரும், அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பெடுக்காது. பில் மெஷினில் அந்தத் தலையிடி வேண்டாம் என்பது என் எண்ணம்.

விண்டோஸ் 10-க்கு வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. தனியாள் கணினிகளுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டை 2026 ஒக்டோபர் 13 வரை அறிவித்தார்கள். 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசில்லை, அல்லது 1000 ரிவோர்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டொலர். செட்டிங்ஸின் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு இருக்கும். அந்த அவகாசத்தில் அடுத்த மெஷினுக்குக் காசு சேருங்கோ.

வெள்ளவத்தை அச்சகம்

ஏறிவிட்டது, பாமினி, ரெங்கநாதன் இரண்டும் இருக்கு. ஹார்ட் டிஸ்கைத் திரும்ப மாட்டலாமா? அதிலுள்ள 500 எம்பி-யை என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை ரெக்

மாட்டுங்கோ. அது எம்பிஆர் ஆகவே இருக்கலாம், பூட் ஆகும் டிஸ்க் மட்டும் ஜிபிடி-யாக இருந்தால் போதும். 500 எம்பி-யைத் தொடாமல் விடுங்கோ, அழித்து மிச்சம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. கை தவறினால் பக்கத்தில் டி.

விண்டோஸ் 10-க்குத் திரும்பும் வசதி 10 நாட்களில் போய்விடும். பிரிண்டர் எல்லாம் ஓடுதா என்று பார்க்க அவகாசம் வேண்டும் என்றால், அந்த 10 நாட்களுக்குள் டிஸ்ம் /ஒன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டோல்விண்டோ /வேல்யூ:60 கொடுங்கோ. அதுவரை விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை டிஸ்க் கிளீன்அப்பில் அழிக்காதீங்கோ.

பழைய பிரிண்டர் டிரைவர் ஏறாவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன், மெமரி இன்டெக்ரிட்டி பகுதியைப் பாருங்கோ. தடுக்கும் டிரைவரின் ஃபைல் பெயர் அங்கேயே எழுதியிருக்கும்.