ரெட்ரோஸ்பெக்டிவுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? ஒரு சொல் போதுமா?

எல்லாருக்கும் வணக்கம்,

எஜைல், அதாவது மென்பொருளை சின்னச் சின்ன சுற்றா செஞ்சு அப்பப்போ திருத்திக்கிற முறை, அதைப் பத்தி தமிழ்ல ஒரு சின்ன கையேடு எழுதிட்டு இருக்கேன். எஜைலுக்கு தகவெளிமை, அதுல ஒரு வழிமுறையான ஸ்க்ரமுக்கு மொய்திரள், அதுல வர்ற ஒவ்வொரு சுற்றான ஸ்ப்ரிண்டுக்கு குறுவோட்டம்னு ஏற்கெனவே சிலர் எழுதுறாங்க, அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கிட்டேன். மாட்டிக்கிட்டது ரெட்ரோஸ்பெக்டிவ்ல.

விஷயம் என்னன்னா, குறுவோட்டம் முடிஞ்சதும் டீம் உக்காந்து எது நல்லா போச்சு, எது சொதப்பிச்சு, அடுத்த தடவை எதை மாத்தலாம்னு பேசுற கூட்டம் இது. செஞ்ச பொருளைப் பத்தி இல்ல, செஞ்ச விதத்தைப் பத்தி. பொருளைக் காட்டி கருத்து கேக்குறது ரிவ்யூ, அது தனிக் கூட்டம். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறவங்கதான் அதிகம், அதனால மீளாய்வு, மறுபார்வை ரெண்டும் எனக்கு உதவல, எங்க வச்சாலும் அது ரிவ்யூ பக்கமே போய் ஒட்டிக்குது. லத்தீன்ல ரெட்ரோன்னா பின்னால, ஸ்பெக்கெரேன்னா பாக்குறது, அதனால பின்னோக்குன்னு வைக்கலாம்னு முதல்ல தோணுச்சு. ஆனா 'எங்க கம்பெனி பின்னோக்கிப் போகுது'ன்னா கேக்குறவங்களுக்கு வேற அர்த்தம்ல வரும்.

கடைசி அத்தியாயம் இன்னும் சிக்கல். ஒரு டீமுக்கு இல்ல, பத்து பன்னெண்டு டீம் இருக்குற நிறுவனம் முழுக்க இதை நடத்துறது பத்தி. பல டீம் சேர்ந்து ஸ்க்ரம் செய்யுற லெஸ் முறையில இதுக்கு ஓவரால் ரெட்ரோஸ்பெக்டிவ்னே பேர் இருக்கு. பெரிய நிறுவனங்களுக்கான இன்னொரு எஜைல் முறையான சேஃப்ல இன்ஸ்பெக்ட் அண்ட் அடாப்ட்னு 8லேருந்து 12 வாரத்துக்கு ஒரு தடவை வைக்கிறாங்க, அதுக்குள்ள இதுவும் அடக்கம். முதல் சொல் கிடைச்சுட்டா முன்னாடி ஒரு 'பெரு' போட்டுக்கலாம்னு நினைச்சேன்.

இப்போதைக்கு என் பரிந்துரை: மீள்நோக்கு, பெருமீள்நோக்கு. அடிச்சு நொறுக்குங்க.

-----

> மீள்நோக்கு, பெருமீள்நோக்கு

அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க, வாயில நுழையல. ஒரு கலைச்சொல் வினையாவும் ஓடணும்ல, 'நேத்து மீள்நோக்கினோம்'னு எந்த டெவலப்பர் சொல்லுவான்? அலசல்னு வைங்க. நேத்து அலசினோம், நாளைக்கு அலசப்போறோம், அலசல்ல வந்த விஷயம், எல்லாமே தானா வருது. இன்னொண்ணும் இருக்கு, துணியை அடிச்சு துவைக்கிறது வேற, தண்ணியில விட்டு அலசுறது வேற, அலசுறப்போ யாரும் துணியை அடிக்கிறதில்ல. இந்தக் கூட்டத்துக்கு அந்தத் தொனிதான் வேணும்.

ஏன்னா இதோட பழைய பேரு போஸ்ட்மார்ட்டம். ப்ராஜெக்ட் முடிஞ்சு, பெரும்பாலும் ஊத்தி மூடினதுக்கு அப்புறம், யார் தலையை உருட்டலாம்னு உக்காருவாங்க. நார்மன் கெர்த் 2001ல எழுதின புத்தகத்துல அந்தப் பேரை வேணும்னே ஒதுக்கிட்டுத்தான் ரெட்ரோஸ்பெக்டிவ்னு சொன்னார். அவர் வச்ச முதல் விதியே, அந்த நேரத்துல தெரிஞ்ச விஷயம், இருந்த திறமை, கையில கிடைச்ச வசதி இதையெல்லாம் வச்சு பாத்தா எல்லாரும் தன்னால முடிஞ்சதைத்தான் செஞ்சாங்கன்னு நம்பி ஆரம்பிக்கணும்ங்கிறது. அதே 2001 பிப்ரவரியில ஸ்னோபேர்ட்ல 17 பேர் கூடி எழுதின எஜைல் அறிக்கை இருக்குல்ல, அதோட வர்ற 12 கொள்கைகள்ல கடைசியும் இதுதான், டீம் அப்பப்போ தன்னைத்தானே பாத்து சரிபண்ணிக்கணும்னு. பொணத்துக்கு எங்க அடுத்த தடவை? உயிரோட இருக்குறதைத்தான் அலச முடியும்.

-----

அன்பர்களுக்கு வணக்கம்.

அலசல் இனிய சொல், ஆனால் பத்திரிகைக்காரங்க அதை முந்திக்கிட்டாங்க. தேர்தல் அலசல், பட்ஜெட் அலசல்னு வெளியில நிக்கிறவர் இன்னொருத்தரைப் பத்திப் பேசுறதுக்கு அது பழகிப்போச்சு. இங்கே தன் வேலையைத் தானே பாக்கணும். தவிர, எஸ்தர் டெர்பியும் டயானா லார்சனும் 2006ல வந்த நூல்ல இந்தக் கூட்டத்தை அஞ்சு கட்டமா பிரிக்கிறாங்க: களம் அமைக்கிறது, தகவல் திரட்டுறது, ஏன் இப்படின்னு புரிஞ்சுக்கிறது, என்ன செய்யறதுன்னு முடிவெடுக்கிறது, முடிச்சு வைக்கிறது. அலசல் இதுல மூணாவது கட்டத்துக்கு மட்டுந்தானே பொருந்தும்?

நம்மிடமே ஒரு சொல் தயாரா இருக்கு. சூத்திரங்கள் ஒண்ணோட ஒண்ணு எப்படி நிக்கும்னு நன்னூல்ல பவணந்தி நாலு வகை சொல்றார்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. அதுல அரிமா நோக்கம்ங்கிறது, சிங்கம் நடந்து போறப்போ முன்னாலயும் பார்க்கும், திரும்பி வந்த வழியையும் பார்க்கும், அந்த மாதிரி முன் சூத்திரத்தையும் பின் சூத்திரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. நடையை நிறுத்தாம திரும்பிப் பார்க்கிறதுக்கு இதைவிட நல்ல பேர் எனக்குத் தெரியலை. அரிமா நோக்கு என்பது என் வாக்கு.

-----

ஐயா சொன்னதைப் படிச்சு சிரிச்சுட்டேன், ஏன்னா அந்த நாலையும் எங்க ஆபீஸ்லயே பாத்திருக்கேன். அடுத்த வேலை தலைக்கு மேல இருக்குன்னு ரெட்ரோவைத் தாண்டிக் குதிச்சு அடுத்த ஸ்ப்ரிண்டுக்குப் போற டீம் தவளைப் பாய்த்து. மேல வட்டமடிச்சுட்டு இருந்துட்டு திடீர்னு இறங்கி டீமோட ரெட்ரோ குறிப்பைக் கொத்திக்கிட்டுப் போற மேனேஜர் பருந்தின் வீழ்வு. அரிமா நோக்கை மட்டும் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன் ஐயா, அதனால அந்தச் சொல்லை நூலோட முகப்புல வைக்கலாம், தினம் புழங்க வேண்டாம்னு தோணுது. கேலண்டர்ல 'அரிமா நோக்கு, மதியம் 3 மணி'ன்னு வந்தா அரிமா சங்கத்து மீட்டிங்னு நினைச்சுப்பாங்க.

அலசல் ஒரு கட்டந்தான்னு சொன்னீங்க. சமையல்னு சொன்னா நறுக்குறதும் கழுவுறதும் அதுக்குள்ளயே வந்துடுதே, அந்த மாதிரி எடுத்துக்கலாமே. தம்பி பக்கம்தான் நான்.

ஆனா நான் எழுத வந்தது ரெண்டாவது சொல்லுக்காக. 'பெரு'ங்கிற ஒட்டு வேண்டவே வேண்டாம், அது தப்பான எண்ணத்தைக் கொடுக்கும். நிறுவன அளவுல நடக்குறது டீம் ரெட்ரோவோட பெரிய சைஸ் இல்ல. நான் இருந்த ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) அப்படி நினைச்சுத்தான் செஞ்சாங்க. ஒம்பது டீம், ஒம்பது டீமும் ரெட்ரோ முடிச்சதும் பேசினதையெல்லாம் ஒரே பொது ஷீட்ல ஏத்தணும், அதை மேல இருக்குறவங்க பாத்து எந்த டீம்ல குறை ஜாஸ்தின்னு எண்ண ஆரம்பிச்சாங்க. மூணாவது மாசம் ஷீட்ல என்ன இருந்துச்சு தெரியுமா, 'கம்யூனிகேஷன் நல்லா இருந்துச்சு, இன்னும் நல்லா பண்ணலாம்', ஒம்பது டீமும் கிட்டத்தட்ட இதே வரி. உண்மையான பேச்சு டீ குடிக்கிற இடத்துக்கு போயிடுச்சு. ஷீட் சுத்தமா இருக்குன்னு மேல ஒரே சந்தோஷம் வேற.

அப்புறம் நாங்க நாலஞ்சு ஸ்க்ரம் மாஸ்டருங்க (டீம் ஸ்க்ரம் முறைப்படி நடக்க உதவுறவங்க) சேர்ந்து மாத்தினோம். பேசினது அந்த ரூமோட நிக்கும், யாரு சொன்னா, எத்தனை பேரு சொன்னாங்க எதுவும் வெளிய வராது. டீம் தானே ஒத்துக்கிட்டு மேல அனுப்புறது ஒரே ஒரு வகைதான்: நாங்களே சரிபண்ண முடியாத தடை எது? அவ்ளோதான். மொத தடவையே ஒம்பதுல ஆறு டீம் ஒரே விஷயத்தை எழுதியிருந்தாங்க, டெஸ்ட் பண்ற சர்வர் ஒண்ணுதான் இருக்கு, யாராவது ஒருத்தர் உடைச்சா எல்லாரும் நிக்கிறோம். ஒவ்வொரு டீமும் தனித்தனியா அதைச் சமாளிக்க ஒரு வழி வச்சிருந்தாங்க, ஒருத்தர் விடியக்காலைல டெஸ்ட் பண்றது, இன்னொருத்தர் சாட்ல 'நான் யூஸ் பண்றேன் தொடாதீங்க'ன்னு போடுறது, அந்த மாதிரி. ஒரு டீமுக்கு அது சின்ன எரிச்சல். ஆறையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்போதான் அது இன்னொரு சர்வர் வாங்குறதைப் பத்தின முடிவு, வாங்குற அதிகாரம் இருக்குறவர் அந்த ரூம்ல உக்காரணும்னு தெரிஞ்சுது.

அதனால ஆளும் வேற. ஒரு மாச ஸ்ப்ரிண்டுக்கு டீம் ரெட்ரோ அதிகபட்சம் 3 மணி நேரம்னு ஸ்க்ரமோட விதிநூலான ஸ்க்ரம் கைடு சொல்லுது, அதுல டீம்ல எல்லாரும் இருக்கணும். எழுபது பேரை அப்படி உக்கார வச்சா பேசுறது நாலு பேர்தான், மிச்சவங்க கேமராவை ஆஃப் பண்ணிட்டு வேலை பாப்பாங்க. லெஸ்ல சொல்ற ஓவரால் ரெட்ரோவுக்கு டீம் பிரதிநிதிங்க, ஸ்க்ரம் மாஸ்டர், ப்ராடக்ட் ஓனர் (எதை முதல்ல செய்யணும்னு முடிவு பண்றவர்), மேனேஜர்னு ஒரு சின்ன கூட்டம், அதுவும் டீம் ரெட்ரோ எல்லாம் முடிஞ்ச அப்புறம். இங்க மேனேஜர் இருந்தே ஆகணும், டீம் ரெட்ரோவுல மேனேஜர் இருந்தா பேச்சே வராது. ஒரே பேரை வச்சு முன்னாடி 'பெரு' போட்டா இந்த வித்தியாசம் எங்க தெரியும்?

டீம்களுக்கு ஊடே போறதால ஊடலசல்னு யோசிச்சேன், எழுதிப் பாத்தா 'ஊடல் அசல்'னு படிக்குது, கோவிச்சுக்கிட்டு ஒரிஜினலா உக்காந்திருக்குற மாதிரி. விட்டுட்டேன். சைஸை விட்டுட்டு சரக்கை வச்சு பேர் வைக்கலாமா: தடையலசல்?

-----

அக்கா, தடைன்னா 'ப்ளாஸ்டிக்குக்கு தடை' மாதிரி பேன்னு எடுத்துக்க மாட்டாங்களா? முட்டுக்கட்டை அலசல்?

-----

தம்பி, 'தடையில்லாம நடந்துச்சு'ன்னு சொன்னா யாரும் பேன் இல்லாம நடந்துச்சுன்னு நினைக்கிறதில்லையே. ஸ்க்ரம்ல இம்பெடிமெண்ட்னு சொல்றதுக்கும் தடைன்னே எழுதிடலாம், ரெண்டும் கோத்துக்கும். முட்டுக்கட்டை அலசல்னா விறகு கழுவுற மாதிரி இருக்கு.

-----

எல்லாருக்கும் நன்றி. என்னோட மீள்நோக்கு ரெண்டையும் வாபஸ் வாங்கிட்டேன். டீமுக்கு அலசல், டீம்களைத் தாண்டிப் போறதுக்கு தடையலசல், அரிமா நோக்கு பத்தி முன்னுரையில ஒரு பத்தி, ஐயா அனுமதிச்சா. பத்திரிகை வாசனை வருதேங்கிற இடத்துல குறுவோட்ட அலசல்னு முழுசா எழுதிடுறேன்.

கடைசி அத்தியாயத்தை திரும்ப எழுதணும். பத்து டீம் குறிப்பையும் ஒரே இடத்துல சேர்க்குற டெம்ப்ளேட் ஒண்ணு போட்டு வச்சிருந்தேன், அக்கா மெயிலைப் படிச்சதும் அதைத் தூக்கிட்டேன், வெக்கமா இருந்துச்சு. அதுல அலசல்ல வந்த செயல்களை எழுத பதினஞ்சு வரி கட்டம் வேற விட்டிருந்தேன். பதினஞ்சு எழுதினா ஒண்ணுகூட நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். 2017 ஸ்க்ரம் கைடுல, அலசல்ல கிடைச்ச முக்கியமான முன்னேற்றம் ஒண்ணாவது அடுத்த ஸ்ப்ரிண்ட் பேக்லாக்ல (அந்தச் சுற்றோட வேலைப் பட்டியல்ல) இருக்கணும்னு இருந்துச்சு, 2020ல அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டு, சேத்துக்கலாம்ங்கிற அளவுக்கு தளர்த்திட்டாங்க. நான் பழையதையே வச்சுக்கப் போறேன், ஒரே ஒரு வரி, பக்கத்துல யார் பாத்துக்குறாங்கன்னு ஒரு கட்டம். தடையலசலுக்கும் அதேதான், ஆனா அங்க அந்தக் கட்டத்துல மேனேஜர் பேர் வரணும். போன தடவை சொன்ன தடை என்னாச்சுன்னு டீமுக்கு திரும்பச் சொல்றதுக்கும் ஒரு இடம் விடணும், பதில் வராத டீம் அடுத்த தடவை எழுதாது.

அடுத்த சொல் ஃபெசிலிடேட்டர், கூட்டத்தை வழிநடத்திக் கொடுக்குறவர். நடத்துநர்னு போட்டுப் பாத்தேன், விசில் ஊதி டிக்கெட் கிழிக்கிறவர்தான் கண்ணுல நிக்கிறார். யாருக்காவது ஏதாவது தோணுதா?