வெளிச்சத்தைப் பற்றிய ஆராதனைப் பாடல்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு ஆராதனையில் பாடல் நடத்தும் பொறுப்பு எனக்கு. செய்தி யோவான் 8:12, இயேசு தம்மை உலகத்தின் ஒளி என்று சொன்ன வசனம். நான்கு பாடல்கள் எடுத்து வைத்தேன். வரிகளை நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், நான்குமே ‘நாம் பிரகாசிக்க வேண்டும்’ என்றே பேசுகின்றன. அது மத்தேயு 5:14. சரிதான், ஆனால் கடைசியில் பாட ஒன்று போதும். முதலில் அவருடைய ஒளி நம்மேல் விழவேண்டாமா?

அதனால் சங்கீதம் 27:1 போல, பயத்தில் இருப்பவர் கர்த்தரையே வெளிச்சமாகப் பற்றிக்கொள்ளும் பாடல்தான் எனக்கு முக்கியமாக வேண்டும். சபையில் துக்கத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் வாய் திறந்து பாடவேண்டும். அப்புறம், இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள் என்ற ஏசாயா 9:2-ஐ ஒட்டிய பாடல் கிறிஸ்துமஸ் வாடை இல்லாமல் இருக்கிறதா?

மெட்டு ரொம்ப மேலே போகாமல் இருந்தால் நல்லது. போன முறை சரணத்தில் ஸ்வரம் ஏறியதும் முன்வரிசையில் இருந்த வயதான அம்மாக்கள் பாடுவதை நிறுத்திவிட்டு, புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார்கள். அது இன்னும் மனதில் நிற்கிறது.

பாடலின் முதல் வரியும், எந்த ஸ்கேலில் பாடுகிறீர்கள் என்பதும் எழுதுங்கள். வியாழக்கிழமை பயிற்சி.