பழைய 407: வண்டியோடு வந்த எஞ்சினையே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கேள்வி (மூக்கையூர்)
அண்ணன்மாரே, அப்பா வாங்கிய டாடா 407 சின்ன லாரி, 1998 மாடல். மூக்கையூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐஸ் போட்ட மீன் ஏற்றுகிறேன். எஞ்சின் கம்பெனியில் வந்ததுதான். இப்போது லோடு ஏற்றினால் சூடாகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, காலையில் வெள்ளைப் புகை. பட்டறையில் "இதற்குச் செலவழிக்காதே, உடைத்த வண்டியில் டர்போ எஞ்சின் எடுத்து மாட்டிவிடலாம்" என்கிறார்கள். வண்டியை விட மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில் (கீழக்கரை, மெக்கானிக்)
தம்பி, எஞ்சினை இறக்குவதற்கு முன்னால் நோய் எதுவென்று பார். வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு) போயிருக்கும், இல்லை ஹெட்டில் விரிசல். அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திற. அங்கே புகை குபுகுபுவென்று தள்ளினால்தான் பிஸ்டன் ரிங், அது உரசுகிற சிலிண்டர் லைனர் தேய்மானம். ஆயில் பால் கலந்த நிறமாக இருந்தால் வண்டியை ஓட்டவே ஓட்டாதே, பேரிங் போய்விடும்.

உன்னுடையது 497 எஞ்சின், நாலு சிலிண்டர், 2956 சிசி. பிரித்து வேலை செய்யத் தகுந்த எஞ்சின்.

இன்னொன்று. வழியில் கிடைக்கிற போர் தண்ணீரையா ரேடியேட்டரில் ஊற்றுகிறீர்கள்? நம் கரையோரத்தில் பல இடங்களில் அது உவர் தண்ணீர். உள்ளே துருவும் உப்புப் படிவும் கட்டி, தண்ணீர் ஓடும் வழியே அடைத்துப் போகும். அதே தண்ணீரை ஊற்றினால் புது எஞ்சினும் இப்படித்தான் ஆகும். சுத்தமாக ஃபிளஷ் செய்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்று.

பதில் (தொண்டி, வண்டி உரிமையாளர்)
மீன் வண்டி என்றால் முதலில் சேஸிஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) அடியில் படுத்துப் பார்க்கவேண்டும். ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் பிராக்கெட் எல்லாவற்றையும் அரித்துவிடும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இரும்பு ஏடு ஏடாக உதிர்ந்தால் எந்த எஞ்சினுக்கும் காசு போடவேண்டாம்.

டர்போ மாட்டுவதென்றால் எஞ்சின் விலையோடு முடியாது. இன்டர்கூலர், ரேடியேட்டர், சைலன்சர் பைப், கிளச் என்று இழுக்கும். ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பரை ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) நிறுத்திவிடுவார்கள். உடைத்த வண்டியின் பேப்பர், பில் இல்லாமல் எஞ்சினைத் தொடவே கூடாது.

கேட்டவர்
பார்த்துவிட்டேன் அண்ணே. ரேடியேட்டரில் குமிழி விடாமல் வருகிறது. ஆயில் மூடியில் புகை இல்லை, ஆயிலும் சுத்தம். பின்னால் ஒரு கிராஸ் மெம்பர் மட்டும் அரித்திருக்கிறது, மற்றது கெட்டியாக இருக்கிறது.

கீழக்கரை மெக்கானிக்
அப்போ எஞ்சினை மாற்றாதே தம்பி. ஹெட்டை மட்டும் கழற்றி லேத்துக்குக் கொடு. விரிசல் இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்த்து ஃபேஸிங் செய்யட்டும், அதாவது அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவட்டும். மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவு பார்த்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து, நடு போல்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக இறுக்கச் சொல். கூடவே நின்று பார். அந்த கிராஸ் மெம்பரையும் இதே கையோடு மாற்றிவிடு.