எல்டர்பெரி பாணி தடிமனைத் தடுக்குமா? வீட்டில் காய்ச்சலாமா?

ஹரோவாசி எழுதியது:

வணக்கம். லண்டனின் வடமேற்கே ஹரோவில் இருக்கிறோம். மகன் கடந்த ஆண்டு செப்டெம்பரில் பாடசாலைக்குச் செல்லத் தொடங்கியதிலிருந்து அடிக்கடி தடிமனோடுதான் வீடு திரும்புகிறான். முடக்குவாதத்துக்காக மெதோட்ரெக்சேட் எடுத்துவரும் என் அம்மாவுக்கும் அது தொற்றிவிடுகிறது. பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மையார் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் எல்டர்பெரிப் பாணி காய்ச்சி வைத்திருப்பவர். எங்கள் வேலியோரச் செடியில் தொங்கும் கறுப்புப் பழங்களும் அவைதாம் என்கிறார். இது நோய் எதிர்ப்புச் சக்தியை உண்மையில் கூட்டுமா? இருவருக்கும் கொடுக்கலாமா?

மருந்தாளர் பதில்:

மருந்தகத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் பிறந்ததும் நான் கேட்கும் கேள்வி இது. இந்தப் பழத்தின் புகழுக்கு முக்கிய காரணம் நோர்வேயில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு. இன்ஃபுளுவென்சா கண்ட 60 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு 15 மில்லிலீற்றர் வீதம் பாணி கொடுத்தபோது, வெறும் சுவைநீர் குடித்தவர்களைவிடச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகவே அவர்களுடைய அறிகுறிகள் தணிந்தன. ஆனால் 2020இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 87 பேரிடம் நடத்திய சோதனையில் அத்தகைய பயன் எதுவும் தென்படவில்லை. பின்னது எண்ணிக்கையில் பெரியது, பாணி தயாரிப்பாளரின் கையிலும் இல்லை என்பதால் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது.

இவை இரண்டும் இன்ஃபுளுவென்சாவைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். மகன் கொண்டுவரும் தடிமன் பெரும்பாலும் ரைனோ வைரசின் வேலை. தடிமனைப் பொறுத்தவரை, விமானத்தில் வெளிநாடு சென்ற 312 அவுஸ்திரேலியப் பயணிகளிடம் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு உண்டு. பழச்சாறு அடங்கிய குளிசைகளை எடுத்தவர்களுக்கும் தடிமன் வந்தது. எடுக்காதவர்களோடு ஒப்பிட எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, வந்தவர்களுக்கு மட்டும் சற்று விரைவாக நீங்கியது. ஆகவே 'தடுக்கும்' என்று போத்தலில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

அம்மாவின் விடயம் வேறு. அவருடைய மருந்து எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்கிவைப்பது. எல்டர்பெரிச் சாறோ, ஆய்வுகூடத்தில் மனித இரத்த அணுக்களைத் தூண்டி அழற்சியை எழுப்பும் சுரப்புகளைக் கூட்டியதாகப் பதிவாகியுள்ளது. உடலுக்குள்ளும் அப்படியே நிகழும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது என்றாலும், மூட்டு வைத்தியரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் கொடுக்காதீர்கள்.

வேலியோரம் பதில்:

நான் கென்ட் பகுதியில் பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பாணியைக் காய்ச்சிவருகிறேன். மருந்தாக அன்று, தோசைக்கும் பாணுக்கும் தொட்டுக்கொள்ள. நம் சித்த வைத்தியத்தின் ஆடாதோடை மணப்பாகு போன்ற பக்குவம்தான், கசப்பு மட்டும் இல்லை.

முதலில் செடியை உறுதிப்படுத்துங்கள். உண்மையான எல்டர் மரத்தன்மையுள்ள புதர். ஒரே காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் இருக்கும். பழக்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். கொத்து நிமிர்ந்து, தண்டு பச்சையாய் மென்மையாய் இருந்தால் அது குள்ள எல்டர் என்னும் நச்சுச் செடியாக இருக்கக்கூடும், தொடாதீர்கள். இலை, காம்பு, காய், பச்சைப் பழம் ஆகியவற்றில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. நம்மூர் மரவள்ளியைச் சமைக்காமல் உண்ணக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். 1983இல் கலிபோர்னியாவில் ஓர் ஒன்றுகூடலின்போது, காட்டில் பறித்த எல்டர்பெரியை இலையும் கிளையுமாகப் பிழிந்த சாற்றைக் குடித்தவர்களில் பதினொரு பேர் வாந்தியும் வயிற்றுவலியுமாக விழுந்தார்கள். எட்டுப் பேரை ஹெலிகொப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது.

எனவே நன்கு கறுத்த பழங்களை முள்ளுக்கரண்டியால் காம்பிலிருந்து உதிர்த்து, பச்சையானவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நீர்விட்டு இருபது நிமிடமாவது கொதிக்கவிட்டு, துணியில் வடித்த பின்னரே சீனி சேருங்கள். கறை போகாது; பழைய துணியாக எடுங்கள்.

ஹரோவாசி:

இருவருக்கும் நன்றி. இலைகளை எண்ணிப் பார்த்தேன்: ஐந்து, கொத்தும் தொங்குகிறது. அம்மாவுக்குக் கொடுக்கப் போவதில்லை. கடையில் ஜெலி வடிவில் விற்பதை மகனுக்கு வாங்கலாமா?

மருந்தாளர்:

வாங்குவதில் தவறில்லை, ஆனால் பெரும்பாலும் சீனிதான்; மிட்டாய் என்று எண்ணிப் பெட்டியைக் காலி செய்துவிடாதபடி எட்டாத இடத்தில் வையுங்கள். பாடசாலையில் மூக்கில் தெளிக்கும் இன்ஃபுளுவென்சாத் தடுப்பு மருந்துக்கான ஒப்புதல் படிவம் வந்திருந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஆனால் அதைப் போடுமுன், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர் வீட்டில் இருக்கிறார் என்று தாதியிடம் சொல்லிவிடுங்கள். அது உயிருள்ள, வலுக்குறைத்த வைரசால் ஆனது. அம்மாவுக்கு உரியது ஊசி.