கண்டாங்கிச் சேலைக்கு ஏஐ மாடல்: எதுவரை சரி?

கேள்வி | காரைக்குடி கைத்தறி
கண்டாங்கிச் சேலைகளை இணையம் வழியே விற்கிறேன். விளம்பரம் செய்து தருபவர் இரண்டு யோசனைகள் சொல்கிறார். சேலையை விரித்துப் படமெடுத்துக் கொடுத்தால், ஏஐ உருவாக்கும் பெண் அதை உடுத்தி நிற்பாளாம். வாடிக்கையாளர் கருத்துகளையும் ஏஐயே எழுதித் தருமாம். இரண்டாவதை உடனே மறுத்துவிட்டேன். வாங்காதவர் பெயரில் பாராட்டு எழுதுவது பச்சைப் பொய். முதலாவதில்தான் குழப்பம். மாதிரிக்குக் காட்டிய படத்தில் அரக்குச் சிவப்புக் கட்டங்கள் கொசுவத்தில் சிதைந்திருக்கின்றன, கரை பாதியாகச் சுருங்கிவிட்டது, பருத்தித் துணி பட்டுப்போல மின்னுகிறது. அகலக் கரை இல்லாமல் அது என்ன கண்டாங்கி? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. தறியில் உட்கார்ந்து நெய்தவரின் வேலையை மென்பொருள் இஷ்டத்துக்குத் திருத்துவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மற்ற கடைக்காரர்கள் எதுவரை அனுமதிக்கிறீர்கள்?

பதில் | ஈரோடு ஜவுளி
மாடல், ஒப்பனை, ஒளிப்படக்காரர் என்று செலவு செய்யச் சிறு கடைக்குக் கட்டுப்படியாகாது அம்மா. நான் பின்னணியை மட்டும் ஏஐ கொண்டு மாற்றுகிறேன். துணியில் கைவைக்க விடுவதில்லை. ‘இது ஏஐ படம்’ என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் உங்களுக்கும் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில் | நுகர்வோர் வழக்கறிஞர்
அந்த ஒரு வரி போதாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பொறுப்புத் துறப்புக் குறிப்பால் சரிசெய்ய முடியாது. பெண் ஏஐ என்று சொல்லலாம். சேலையே வேறாகத் தெரிந்தால் அந்தக் குறிப்பு உங்களைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. கருத்துகளை மறுத்தது மிகச் சரி. அமெரிக்காவில் 2024இல் வந்த விதி, ஏஐ எழுதும் போலி மதிப்புரைகளையும் சேர்த்தே தடை செய்கிறது.

பதில் | காரைக்குடி கைத்தறி
இருவருக்கும் நன்றி. ஏஐ பெண் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பக்கத்துத் தெருவில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி, கூலி வாங்கிக்கொண்டு உடுத்திக் காட்டச் சம்மதித்திருக்கிறாள். வெயிலில் எடுக்கப்போகிறோம், நிறம் உள்ளபடி தெரியும். கரையின் அகலத்தை அங்குலக் கணக்கில் எழுதி, முந்தானையைத் தனிப் படமாகவும் போடுவேன். விளம்பர வாசகத்துக்கு வேண்டுமானால் ஏஐ உதவட்டும். அதையும் நெசவாளரிடம் படித்துக் காட்டிய பிறகே வெளியிடுவேன்.