மறு: ட்ரோல் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ட்ரோல் என்பது ஸ்கேண்டிநேவியக் கதைகளில் வரும் பூதம். எனவே 'இணையப் பூதம்' எனலாமே?

ஐயா, பூதம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மூலம் மீன்பிடிப்பில் இருக்கிறது: ஓடும் படகின் பின்னால், இரை கோத்த தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே போவதற்கு ட்ரோலிங் என்று பெயர் (வலை இழுக்கும் ட்ராலிங் வேறு, இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே உண்டு). 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதத் தளத்தில், ஆல்ட்.ஃபோக்லோர்.அர்பன் என்ற குழுவில் பழைய ஆட்கள், ஏற்கெனவே அடித்துத் துவைத்துக் காயப்போட்ட ஒரு கட்டுக்கதையை ஒன்றுமே தெரியாதவர்போல் எழுதிப் போடுவார்கள். பழகியவர்கள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள், புதிதாக வந்தவர் மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு திருத்த வந்து மாட்டுவார். வசவும் வன்மமும் பிற்காலச் சேர்க்கை.

> 'கலாய்ப்பவர்' வழக்கில் உள்ளதே?

உள்ளது. "படத்தை ட்ரோல் செய்தார்கள்" என்றால் மீம் போட்டுக் கிண்டலடித்தார்கள் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம், அதற்குக் கலாய்த்தல் தாராளம், புதுச்சொல்லே வேண்டாம். ஆனால் கலாய்ப்பவருக்கு வேண்டியது பார்ப்பவரின் சிரிப்பு, ட்ரோலுக்கு வேண்டியது உங்கள் பதில். நிரலாளர் குழுவில் ஒருவர் வந்து "பைத்தானில் எழுதுவதெல்லாம் நிரலா?" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், அவருக்குப் பைத்தான்மேல் ஒரு கோபமும் கிடையாது, அடியில் மற்றவர்கள் விடிய விடிய அடித்துக்கொள்வார்கள். இந்த ஆளுக்குத்தான் பெயர் வேண்டும். 'வம்பர்' கிட்டே வருகிறது, ஆனால் வம்பிழுப்பவர் நேராக மோதுவார், இவர் அப்பாவி வேஷம் போடுவார்.

'தூண்டில் போடுதல்' நம் பேச்சிலேயே இருக்கிறது, தூண்டு என்ற வினையும் அதற்குள்ளேயே. அதையே முடிவு செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஃபிஷிங் (phishing) என்ற இணைய மோசடிக்கு அந்தச் சொல்லைச் சிலர் எடுத்துக்கொண்டாயிற்று. கடவுச்சொல்லைப் பறிப்பவனும் வாயைக் கிளறுபவனும் ஒரே பெயரில் திரிந்தால் சரிப்படாது.

அதனால், தூண்டு – தூண்டில் போல, சீண்டு – சீண்டில். அந்தப் பதிவு சீண்டில், போடுபவர் சீண்டிலர். "ட்ரோலுக்குத் தீனி போடாதே" என்பதை "சீண்டிலைக் கவ்வாதே" என்று சொல்லிவிடலாம்.

---

> அந்தப் பதிவு சீண்டில், போடுபவர் சீண்டிலர்.

முதல் பாதி எனக்குச் சம்மதம். வேகமாகச் சொன்னால் சீந்தில் கொடி என்று காதில் விழுகிறது, பரவாயில்லை, மூலிகைக் குழுவில் மட்டும் கவனமாக இருந்துகொள்வோம் :-) "சீண்டில் பதிவுகள் நீக்கப்படும்" என்று விதிமுறையில் எழுதிப் பார்த்தேன், விளக்கம் இல்லாமலே புரிகிறது. சீண்டிலர்தான் இடிக்கிறது, ஏதோ சங்ககாலக் குடிப்பெயர் மாதிரி மரியாதையாக ஒலிக்கிறது, அந்த ஆசாமிக்கு எதற்கு அவ்வளவு கௌரவம்? 'சீண்டி' போதாதா?